நாக்கால் ஊதிய மூச்சு

மகனே,

நீ தேடுகிற சீட்டு இங்கே இல்லை. பாஸ்போட் உறைக்குள் கையை விட்டிருப்பாய், கடுதாசி தட்டுப்பட்டிருக்கும், அதுதான் என்று இழுத்திருப்பாய். வந்தது வாப்பாவின் கடிதம். இந்த ஆள் சுகதேகி, வெளிநாட்டில் எந்த வேலையும் செய்வார் என்று டொக்டர் ஒப்பம் வைத்துத் தந்த அந்தச் சீட்டை நான்தான் எடுத்தேன். கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. எங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் நீ மிச்சத்தை வாசிக்க மாட்டாய், செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவாய். நீ ஓடினால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கடிதமே.

கடிதம் என்றால் நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டுமாம். உன் நலத்தை ஒருவரும் அறிய விடாமல் ஒன்பது வருஷம் மறைத்து வைத்தவன் அப்படித் தொடங்கினால் பேனையே சிரித்துவிடும். எனக்கு வயது நாற்பத்தாறு, என் வாய்க்கு மட்டும் இன்னும் பதினைந்து. பள்ளிவாசலில் கை கால் கழுவுகிற ஹவுள் தொட்டியில், மீன்களுக்கு நடுவே கருவாட்டை மிதக்கவிட்டு, வெயிலுக்கு மீனெல்லாம் காய்ந்துபோச்சு என்று மோதினாரை நம்ப வைத்த வயது அது. அந்த வயதைத் தாண்டி என் வாய் வளரவில்லை. மருதமுனையில் தறி போட்டவர்களில் என் துணியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு, என் பகிடியைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம். அந்தப் பகிடிகளில் ஒன்று இப்போது உன் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே எடுக்கத் தெரியாமல்தான் எழுதுகிறேன். இன்று புதன்கிழமை பகல். நீ பாலமுனை மாமி வீட்டுக்குப் பயணம் சொல்லப் போயிருக்கிறாய், இரவைக்குத்தான் வருவாய். வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் உனக்குக் கொழும்பு பஸ். எனக்கு இருப்பது நாளைக் காலை ஒன்றுதான்.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷம் உனக்குப் பதினொரு வயது. கச்சான் காற்று வீசத் தொடங்கினால் உன் நெஞ்சுக்குள் பூனை ஒன்று கத்தத் தொடங்கும். முதலில் ஓதிப் பார்க்கிற லெப்பையிடம் கொண்டுபோனோம். அவர் கிளாஸ் தண்ணீரை முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை மூடி ஓதி, மெல்ல ஊதித் தருவார். நீ குடிப்பாய், தூங்குவாய். அந்தத் தண்ணீரை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன், அது எங்களுக்கு மனத்தெம்பைத் தந்தது. ஆனால் பூனை போகவில்லை. உன் உம்மா, "இஞ்ச பாருங்க, புள்ள கதைக்கக்குள்ள நடுவுல நடுவுல நிக்கிறான். கல்முனை டொக்டர்ட்ட காட்டுங்க" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் உன்னைச் சைக்கிள் பாரில் இருத்திக் கொண்டுபோனேன். அந்த டொக்டர் இங்கிலாந்தில் படித்துவிட்டு அப்போதுதான் வந்து, கல்முனையில் சின்னதாய் ஒரு டிஸ்பென்சரி போட்டிருந்தார். அவர் மேசையில் ஒரு வெள்ளைக் குழாய் இருந்தது. பக்கத்தில் கோடும் நம்பரும், அதில் ஓடுகிற ஒரு சிவப்பு ஊசி. எவ்வளவு வேகமாய் மூச்சை வெளியே தள்ளுகிறோமோ அவ்வளவு தூரம் ஊசி ஓடும். நெஞ்சுக்குள் வழி ஒடுங்கியிருந்தால் ஊசியும் பாதியில் நின்றுவிடும். பெரிய ஆஸ்பத்திரி மெஷின் ஒன்றும் இல்லை, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போகலாம் போல ஒரு சாமான்.

அவர் அதை உன் கையில் தந்து, "தம்பி, எழும்பி நிண்டு நல்லா ஊதுங்க" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் ஓம் என்று தலையாட்டினேன். எங்களுக்கு ஊதுவதென்றால் ஒன்றுதானே தெரியும்? நீ குழாயை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்தாய், லெப்பை கிளாஸைப் பிடிப்பது போல. கண்ணை மூடினாய். குல்ஹுவல்லாஹு மூன்று தரம் ஓதினாய். முடித்துவிட்டுக் குழாயின் மேலே, மூன்று பக்கமும், மெல்ல, பூ, பூ, பூ என்று ஊதினாய். ஊசி அசையவில்லை. டொக்டர் கொஞ்ச நேரம் குழாயைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, குழாய்க்கா சுகமில்ல?"

நான் சிரித்த சிரிப்பில் வெளியே வாங்குப் பலகையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டொக்டரும் சிரித்தார், நீ மட்டும் சிரிக்கவில்லை. உன் காது சிவந்துபோனது. அன்றைக்கே நான் அதைக் கவனித்திருக்க வேண்டும் மகன். பிறகு அவர் பொறுமையாய்ச் சொல்லித் தந்தார். நீ மூன்று முறை ஊதினாய். மூன்றில் கூடினதை எடுத்துக் கொப்பியில் எழுதினார்: நூற்றைம்பது. உன் உயரத்துப் பிள்ளைக்கு இருக்க வேண்டியதில் அது பாதிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் என்றார். "இது தொய்வு காக்கா, ஆஸ்மா எண்டுறது."

"தறிப் பாவில நூல் தொய்வு எண்டா இழுத்துக் கட்டிருவன் டொக்டர். இத எங்க புடிச்சி இழுக்கிற?"

"இது ஏற்கனவே இழுத்துக் கட்டித்தான் இருக்கு. நாங்க அவிழ்த்து விட வேணும்."

தறிக்காரனுக்கு அதைவிடத் தெளிவாய் ஒருவராலும் சொல்ல முடியாது. மருந்துக் குளிசை தந்தார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து ஊத வேண்டும், நம்பரைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று தீர்மானிப்பேன் என்றார். இந்த வசனத்தை நான் நன்றாகக் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பப் பார்க்க மாட்டேன்.

கொப்பியை எடுத்துக்கொண்டு நாங்கள் போய் வந்தோம். நூற்றைம்பது, நூற்றெழுபது, நூற்றறுபது. ஏதோ சோதனையில் பெயிலாகிற பிள்ளையின் றிப்போட் போல அதை நான் ஒளித்து வைத்தேன். ஓதப் போகிற இடத்தில் பொடியன்கள் உன்னைத் தொய்வன் என்று கூப்பிட்டார்கள். நீ வீட்டுக்கு வந்து தறிக்கு அடியில் போய் இருப்பாய். ஒரு நாள் எப்படியோ உன் நம்பரைப் பார்த்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரர், "என்னடாப்பா, என்ட மகன் முந்நூறு ஊதினானே" என்றார். அவருடைய மகன் எந்தக் குழாயையும் ஊதவில்லை, அவர் வாயால் ஊதினது அது. இருந்தாலும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. அன்று பின்னேரம் வளவில் இருந்த பப்பாசி மரத்தில் ஒரு தண்டை முறித்தேன்.

பப்பாசிக் குழாயில் நாவல் கொட்டையை வைத்து அடிப்பதில் என் காலத்தில் என்னை வெல்ல மருதமுனையில் ஆள் இல்லை. அதில் ஒரு வித்தை இருக்கிறது. நெஞ்சால் ஊதினால் கொட்டை வாசலில் விழும். கன்னத்தில் காற்றை நிரப்பி, நாக்கைக் குழாயின் வாயில் அடைப்பு மாதிரி வைத்து, சட்டென்று நாக்கை இழுத்துத் துப்பினால் கொட்டை வேலியைத் தாண்டிப் போகும். நெஞ்சுக்கு அதில் வேலையே இல்லை. அதை உனக்குப் படிப்பித்தேன். "நெஞ்சு என்னத்துக்கு மகன்? வாய் இருக்கே நமக்கு!" என்றேன். நீ மூன்றாம் நாளே கோழியின் வாலில் அடித்தாய். உன் உம்மா கத்த, நீ சிரிக்க, நான் சிரிக்க. உனக்கு நான் எதையாவது ஒழுங்காய்ப் படிப்பித்தேன் என்றால் அது அதுதான்.

அடுத்த முறை டிஸ்பென்சரியில் சனம். சனமான நாளில் மருந்து கலக்கிறவர்தான் ஊத வைத்து நம்பரை எழுதுவார். நல்ல மனிதர், ஆனால் நம்பரைப் பார்ப்பார், வாயைப் பார்க்க மாட்டார். நீ குழாயை வாயில் வைத்தாய். எனக்குக் கண்ணைக் காட்டினாய். துப் என்று ஒரு சத்தம். ஊசி முந்நூற்றிப் பத்தில் போய் முட்டியது. "மாஷா அல்லாஹ்!" என்றார் மருந்து கலக்கிறவர். உன் காது அன்றைக்கும் சிவந்தது, வேறு விதமாய். வரும் வழியில் உனக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்தேன். தொய்வுக்காரனுக்கு ஐஸ்பழம், பொய்க்காரனுக்குப் பரிசு, இரண்டையும் ஒரே கையால் கொடுத்த வாப்பா நான்தான். அப்படி மூன்று நாலு முறை போனோம். கொப்பியில் நம்பர் ஏறிக்கொண்டே போனது. டொக்டர் கொப்பியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். குளிசையைப் பாதியாக்கினார். பிறகு நிறுத்தினார்.

பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் நீ ஓடினது உனக்கு நினைவிருக்கும். விழுந்தது நினைவிருக்காது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் ஓடி வந்தபோது நான் தறியில் இருந்தேன். நீ மைதானத்து மணலில் குந்தியிருந்தாய், கை இரண்டும் முழங்காலில், உதடு நாவல் பழம் தின்றது போல. "வாப்..." என்றாய். மிச்ச எழுத்தைச் சொல்ல உன்னிடம் காற்று இல்லை. நான் ஒன்றும் யோசிக்காமல் உன்னைத் தூக்கிச் சைக்கிளில் வைத்து மிதித்தேன். டொக்டர் ஊசி போட்டார். காற்றுக்குழாய் வைத்தார். ஒரு மணித்தியாலம் கழித்து உன் உதடு உதடாகியது. அப்போதுதான் அவர் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு தனக்குள் கதைப்பது போலச் சொன்னார்: "நம்பர் எல்லாம் நல்லாத்தானே இருக்கு. பிறகேன் இப்பிடி?" சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கேட்கிற பார்வை அது. வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும்.

நீ மூச்சு விட முடியாமல் கிடந்தாய். நான் மூச்சு விடவில்லை.

இந்தச் சொல் விளையாட்டு தானாக வந்து விழுகிறது, நான் தேடவில்லை. என் வாய்க்கு வேறு பாஷை தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று ஒன்பது வருஷமாய் என்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வெட்கம் என்றால் அது சின்னச் சொல். ஊரையே சிரிக்க வைத்தவன் பிள்ளையைக் கொல்லப் பார்த்தான் என்று நாலு பேர் கதைப்பார்களே என்ற பயம். அதைவிடக் கேவலம் ஒன்று சொல்கிறேன் கேள். அன்று வீட்டுக்கு வந்த பிறகு இனித் துப்பாதே மகன் என்று நான் உனக்குச் சொல்லவில்லை. "அளவாத் துப்பு" என்றேன். திடீரென்று நம்பர் இறங்கினால் டொக்டர் பிடித்துவிடுவார் என்று பயந்து, கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கச் சொல்லித் தந்தேன். பொய்க்கு ஒழுங்கு படிப்பித்தேன். நீ அதையும் அழகாய்ச் செய்தாய்.

பிறகு நீ வளர்ந்தாய். மீசை வந்தது, தொய்வு போய்விட்டது என்றாய், நாங்களும் நம்பினோம். நம்ப வசதியாய் இருந்தது. நீ பந்தடிக்கப் போவதில்லை. எனக்கு விருப்பமில்லை என்றாய். நற்பிட்டிமுனையில் நெல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாய். தவிட்டுத் தூசுக்குள் நின்று வந்து கிணற்றடியில் நீ இருமுகிறபோது, நான் வேண்டுமென்றே தறியைச் சத்தமாய் அடிப்பேன். ஏஜென்சிக்காரர் சவூதியில் சீமெந்துக் கம்பனிக்கு ஆள் எடுக்கிறார் என்று நீ வந்து சொன்னாய். தங்கச்சிக்கு வீடு கட்ட வேண்டும் என்றாய். நீ சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தங்கச்சிக்கு வீடு வேண்டும், உனக்கு வேலை வேண்டும். மெடிக்கல் மட்டும் பாஸ் பண்ண வேண்டும்.

போன திங்கட்கிழமை நீ அதே கல்முனை டொக்டரிடம் வாங்கின அந்தச் சீட்டை ஆட்டிக்கொண்டு படலையைத் திறந்து வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "வாப்பா! பப்பாசிக் குழாய்!" என்றாய். துப் என்று செய்து காட்டினாய். "ஐந்நூற்றித் தொண்ணூறு! டொக்டர் ஊசிய ரெண்டு தரம் பாத்தார்."

"அப்ப அது மெடிக்கல் இல்லடா, மெடிக்கள்ளம்" என்றேன் நான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். உம்மா குசினிக்குள் இருந்து, "வாப்பாக்கும் மகனுக்கும் என்னத்துக்கு இந்தச் சிரிப்பு?" என்றாள். நான் விடவில்லை. "ஊதாம அங்க போகேலா புள்ள, பேருக்குள்ளயே இரிக்கே! ச-வூதி! ஊதினாத்தான் ஊதியம்!" உம்மாவுக்கு விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தாள். நீ போகிற சந்தோஷத்தை யாராவது ஒருவர் சிரிப்பாக்கித் தந்தால் போதும் அவளுக்கு.

நேற்றுக் காலை நீ பரணில் இருந்து அந்தப் பச்சைப் பெட்டியை இறக்கினாய். இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே இருந்தாய். கை இரண்டும் முழங்காலில். தோள் இரண்டும் காதைத் தொடப் போனது. நான் தறி நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முதுகு ஒவ்வொரு மூச்சுக்கும் வேலை செய்தது, கிணற்றில் இருந்து வாளி இழுக்கிறவன் முதுகு போல.

"என்ன மகன்?"

"பெட்டி பாரம் வாப்பா."

பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. உம்மா இன்னும் ஒரு சேட்டுக்கூட அடுக்கவில்லை.

அப்போதுதான் என் சொந்தப் பகிடியின் மிச்சப் பாதி எனக்குக் கேட்டது. அந்தப் பேரில் ‘ஊதி’ மட்டுமா இருக்கிறது? முன்னால் இருக்கிற எழுத்துகளை நான் ஏன் பார்க்கவில்லை? அந்தப் புனித மண்ணின் பேரை இப்படிப் பிரித்ததற்கு அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், ஆனால் எனக்கு முன்னால் நிற்பது சவமும் ஊதியும்தான். அசர் தொழுகையில் நின்றுகொண்டு நான் அதைத்தான் பார்த்தேன். எத்தனை ரக்அத் தொழுதேன் என்று தெரியவில்லை, திரும்பத் தொழுதேன். தொழுதுவிட்டு வந்து உன்னிடம் சொல்லிப் பார்த்தேன். நீ சேட்டை மடித்துக்கொண்டிருந்தாய்.

"மகன், அந்த நம்பர் பொய் நம்பர்."

"ஓம், தெரியும். நீங்கதானே படிப்பிச்சித் தந்த."

"சீமெந்துத் தூசுடா அது."

"மில்லுல என்ன, அத்தரா தெளிக்கிறாங்க?"

"அங்க ஒனக்கு மூச்சு முட்டு வந்தா ஆரு சைக்கிள்ள வெச்சிக் கொண்டு போற?"

"வாப்பா, சும்மா இரிங்க. ஊதினாத்தான் ஊதியம். நீங்க சொன்ன கதைதான்."

என் நாக்கை எடுத்து என்னையே அடித்தாய். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், கோபத்தில் இல்லை. ஆனால் அந்த ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்க நீ இரண்டு இடத்தில் நின்றாய். உனக்கே அது தெரியவில்லை. நான் எண்ணினேன்.

இன்று காலை நீ பாலமுனை பஸ்ஸில் ஏறினதும், உன் பாஸ்போட்டுக்குள் இருந்து சீட்டை எடுத்துக்கொண்டு கல்முனைக்குப் போனேன். டொக்டருக்குத் தலை நரைத்துவிட்டது. சீட்டை அவர் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பப்பாசித் தண்டு, நாக்கு, ஐஸ்பழம், விளையாட்டுப் போட்டி, அளவாத் துப்பு என்று சொன்னது, எல்லாம். வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. சீட்டை எடுத்து மேசை லாச்சிக்குள் குனிந்து வைத்தார்.

"திங்கட்கிழமை எனக்கு ஒரு சந்தேகம் வந்தது காக்கா. நெஞ்சுக் குழல வெச்சுக் கேட்டா உள்ளுக்குச் சத்தம் இருக்கு, நம்பர் அந்தளவு வருது. பொடியன் போற அவசரத்துல நிண்டான், நானும் விட்டுட்டன். என்னிலயும் பிழைதான்" என்றார். பிறகு நிமிர்ந்தார். "உங்களுக்கு ஒண்டு சொல்லவா? கூட நம்பர் வந்தாச் சந்தோஷப்படுறீங்க, குறைய வந்தா வெட்கப்படுறீங்க. இது சோதனைப் புள்ளி இல்ல. அளவு. துணிக்கு அளவு பிழையா எடுத்தா ஆருக்கு நட்டம்?"

"உடுக்கிறவனுக்கு" என்றேன்.

என்னையும் ஊதச் சொன்னார். தறிப் பஞ்சுக்குள் முப்பது வருஷம் இருந்த நீங்கள் ஒருமுறையாவது ஊதியிருக்கிறீர்களா என்றார். நான் எழும்பி நின்றேன். உண்மையாய் ஊத வேண்டும் என்று அல்லாஹ்வை நினைத்துக்கொண்டுதான் குழாயை வாயில் வைத்தேன். துப் என்றது. ஊசி பறந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை மகன், நாக்கு தானாகப் போய் அடைத்து, தானாகத் துப்பியது. "நாக்க கீழ போடுங்க" என்றார். மறுபடியும் துப். டொக்டர் ஒரு மரக்குச்சியை எடுத்து என் நாக்கை அமத்திப் பிடித்துக் காட்டி, வெறும் காற்றில் பத்துத் தரம் ஊத வைத்தார். பிறகு திரும்பவும் குழாய். ஏழாவது முறை அதில் என் சொந்த மூச்சு போனது. ஊசி பாதி வழி போய், களைத்த மாடு மாதிரி நின்றது. இருநூற்றெண்பது. என் உயரத்துக்கு அது பாதி. அவர் அதை ஒரு புதுக் கொப்பியில் எழுதினார். என் பெயரில் ஒரு கொப்பி இப்போது அங்கே இருக்கிறது.

அங்கே நான் அழுதது நம்பர் குறைந்ததற்கு இல்லை. நேர்மையாய் ஒரு மூச்சு விட எனக்கு ஏழு தரம் தேவைப்பட்டது. உனக்கு எத்தனை தரம் தேவைப்படும்? நான் படிப்பித்த வயதில் உனக்குப் பதினொன்று. அதுதான் ஊதுவது என்று உன் வாய் நம்பியிருக்கும். சவூதியில் ஒரு டொக்டர் உன்னை ஊதச் சொன்னால், நீ மெய்யாகவே உதவி வேண்டி நின்றாலும், உன் நாக்கு முந்திக்கொண்டு இவர் சுகதேகி என்று சொல்லிவிடும். நீ மணலில் குந்தியிருப்பாய், நம்பர் நன்றாய் இருக்கும்.

டொக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சீட்டு அவரிடம் இருக்கிறது, அது இனிச் செல்லாது. நாளைக் காலை நீ வர வேண்டும். மருந்து கலக்கிறவர் இல்லை, அவரே உனக்கு முன்னால் நின்று உன் வாயைப் பார்த்து ஊத வைப்பார். ஊதிவிட்டு, வாயில் அடிக்கிற பம்ப் ஒன்று தந்து, கால் மணித்தியாலம் கழித்துத் திரும்ப ஊத வைப்பார். பம்புக்கு நம்பர் ஏறினால் இது அவிழ்க்கக்கூடிய கட்டு, ஒழுங்காய் மருந்து எடுத்தால் மூன்று மாதத்தில் ஆளே வேறாகலாம் என்றார். போகவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. இந்த நெஞ்சோடு, சீமெந்துக்கு, இந்த வெள்ளிக்கிழமை போகக் கூடாது என்றார். நீ வராவிட்டால் பத்து மணிக்கு அவரே ஏஜென்சிக்கு எழுதிவிடுவார். நான் கெஞ்சித்தான் அந்தப் பத்து மணியை வாங்கினேன். உன் கதையை உன் வாயால் சொல்ல உனக்கு ஒரு காலை வேண்டும் என்று கேட்டேன்.

உம்மாவுக்கு இன்னும் தெரியாது. கடிதம் முடிந்ததும் குசினிக்குப் போய்ச் சொல்வேன். அவள் பெட்டியில் சேட்டு அடுக்கிவிட்டாள், கருவாட்டுச் சம்பல் போத்தலைத் துணியில் சுற்றி மூலையில் வைத்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வது டொக்டரிடம் சொன்னதைவிடக் கஷ்டம். தங்கச்சியிடமும் நானே சொல்வேன். உன் காக்காவின் பயணம் நின்றதற்கு அவன் காரணமில்லை, வாப்பா காரணம் என்று சொல்வேன். ஊரில் கேட்கிறவர்களுக்கும் அதையே சொல்வேன். என் பகிடிகளை ஊர் முழுக்கச் சொன்ன வாய், இதையும் ஊர் முழுக்கச் சொல்லட்டும்.

மகனுக்கு வாப்பா புத்தி சொல்கிற கடிதம் என்றால் நாலு நல்ல வார்த்தை இருக்க வேண்டும். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. குறைந்த நம்பருக்கு வெட்கப்படாதே. நான் வெட்கப்பட்டேன், அதற்கு நீ விலை கொடுக்கிறாய். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை இருக்கும், அதன் கையில் ஏதாவது ஒரு குழாயைக் கொடுத்து யாராவது ஊதச் சொல்வார்கள். என்ன வருகிறதோ அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நில்.

நாளைக் காலை டிஸ்பென்சரி திறக்க முந்தியே நான் அங்கே வாங்கில் இருப்பேன். நீ வந்து பக்கத்தில் இருக்க வேண்டாம், தூர இரு. என்னோடு கதைக்க வேண்டாம், டொக்டரோடு கதை. உள்ளே போய் ஊது. ஊதிவிட்டு வெளியே வந்து என்னைத் திட்டு. ஊரே கேட்கத் திட்டு. இப்போது நீ திட்டத் தொடங்கினால் மூன்றாம் சொல்லில் நிற்பாய், நான் அறிவேன். நடுவில் ஓரிடத்திலும் நின்று மூச்சு வாங்காமல், தொடங்கினதில் இருந்து முடிகிற மட்டும் ஒரே இழுப்பாய் நீ என்னைத் திட்டி முடிக்கிற நாள் ஒன்றை எனக்குக் காட்டு என்றுதான் அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

உன் வாப்பா